"நீர்" என்னும் சொல்

தினமும் காலையில் பைபிளில் ஓர் அதிகாரம் வாசிக்கும் வழக்கமுள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், எதற்காக வாசிக்கிறீர்கள் என்று. ஆறுதலுக்காக என்பார்கள். பொய்யில்லை. ஆனால் வரிசை தவறாமல் வாசிக்கிறவனுக்கு அந்தப் புத்தகம் ஆறுதல் தரும் நாட்களைவிடத் தராத நாட்களே அதிகம். என் அனுபவமும் அதுதான். சட்டங்கள் வரும், யுத்தங்கள் வரும், வம்ச வரலாறு வரும். சுந்தர காண்டம் பாராயணம் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; பொருளில் மனம் ஒன்றாத நாளிலும் ஓசைக்கே புண்ணியம் உண்டு. பைபிளை எடுத்தவனோ, "இன்று எனக்கு என்ன சொல்லப் போகிறார்?" என்று காத்து உட்காருகிறான். ஒன்றுமே சொல்லாவிட்டால்?

இதற்குச் சுருக்கு வழி ஒன்று இருக்கிறது. நமக்கு வேண்டிய வசனத்தை நாமே பொறுக்கிக் கொள்ளலாம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்குகிறோமே, அந்த மாதிரி. அப்படிப் பொறுக்கப்படுவதில் முதலிடம் பெரும்பாலும் தொண்ணூற்றோராம் சங்கீதத்துக்கு. கடவுளைத் தஞ்சம் அடைந்தவனை எந்தத் தீங்கும் அணுகாது என்று உறுதி கூறும் பாட்டு அது. சுவர்க் காலண்டர்களிலும் அதைப் பார்க்கலாம். காலண்டர் அச்சுக்குப் பெயர் போன ஊர் சிவகாசி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சிவகாசிக்குப் பக்கத்து எம். புதுப்பட்டி வட்டாரத்தில் இந்தப் பாட்டை அவ்வளவு சுலபமாக வாசித்துவிட முடியாது. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, தீபாவளிக்கு 26 நாட்களே இருந்தபோது, அங்கே ரெங்கபாளையத்தில் நடந்த பட்டாசு விபத்தில் 13 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் பெண்கள். காலையில் சோற்றுத் தூக்கோடு போனவர்கள். அவர்களுடைய மதம் எதுவாயிருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: காப்பாற்றுவதாகச் சொன்னவர் எங்கே போனார்?

அந்தச் சீமைக்கு இந்தப் புத்தகம் புதிதன்று. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேர்ந்த ராக்லண்ட் ஐயர் 1850-களில் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றியது இந்தக் கரிசல் காட்டில்தான். 1858-இல் சிவகாசியிலேயே இறந்தும் போனார். நகரத்தை ஒட்டிய சாட்சியாபுரம் மிஷன் வளர்த்த ஊர். ஆகவே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கே யாராவது ஒருவர் விளக்கடியில் சங்கீதம் வாசித்துக் கொண்டுதான் இருந்திருப்பார். விபத்து நடந்த இரவிலும்.

பொறுக்கி வாசித்தவர்களுக்கு அந்த இரவில் இரண்டே வழிகள். வசனம் பொய் என்று புத்தகத்தை மூடிவிடலாம். அல்லது செத்தவர்களிடம் ஏதோ குறை இருந்திருக்கும் என்று முடிவு கட்டலாம். இரண்டாவதைச் சொல்ல யாருக்கும் நா எழாது என்று நினைக்கிறீர்களா? துக்க வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து கேளுங்கள்!

யோபுவின் சரித்திரத்தில் இதைச் சொல்லவே மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள்: எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். பிள்ளைகளைப் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடப்பவனோடு அவர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். பிறகு பேசத் தொடங்கினார்கள்; கடவுள் நீதியுள்ளவர், ஆகவே நீ பாவம் செய்திருப்பாய் என்று. யோபு ஒப்புக்கொள்ளவில்லை, கடவுளையே வழக்குக்கு இழுத்தான். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் தீர்ப்பு வருகிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் வழக்காடினவனே என்கிறார் கடவுள்; தமக்காகப் பரிந்து பேசினவர்கள் மேல் கோபம் கொள்கிறார். இந்த முடிவைப் பொறுக்கி எடுத்துக் காலண்டரில் போடுகிறவரை நான் பார்த்ததில்லை.

சங்கீதங்கள் 150. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் முறையீடுதான். எண்பத்தெட்டாவது பாட்டு இருளிலேயே முடிகிறது. கடைசி அடியில்கூட வெளிச்சம் இல்லை. தினமும் வரிசையாக வாசிக்கிறவன் அந்த இடத்தையும் கடந்துதான் ஆகவேண்டும். தனக்கு ஒரு துக்கமும் இல்லாத காலையில் அதை வாசித்து வைத்தவனுக்கு, துக்கம் வரும் நாளில் பேசுவதற்கு வார்த்தை இருக்கிறது.

அந்த வார்த்தைகளில் ஒன்று "நீர்" என்பது. 1871-இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவினரின் திருத்தமே பல வீடுகளில் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதில் மனிதன் கடவுளை "நீர்" என்றுதான் அழைக்கிறான். இன்று நம் வீடுகளில் அம்மாவுக்கு "நீ", அப்பாவுக்கு "நீங்கள்". "நீர்" என்று யாரை அழைக்கிறோம்? நெல்லைப் பக்கத்தில் சரிசமமான ஆண்கள் இன்னும் "என்னவே, நீரு சொன்னது என்ன?" என்று மடக்குவதுண்டு. மரியாதையும் இருக்கிறது, சண்டைக்கு இடமும் இருக்கிறது. "நீ" என்று உருகிப் பாடிய நம் பக்தர்களிலும் சுந்தரர் ஒருவர் உண்டு. கண்ணிழந்து திருவாரூருக்கு வந்து சிவனை ஏசும்போது அவர் மரியாதைப் பன்மையில்தான் ஏசுகிறார். யோபும் தமிழில் அப்படித்தான் கேட்கிறான். நீர் ஏன் என்னைப் பகைவனாக எண்ணுகிறீர் என்கிற பாங்கில் பேசுகிறானே தவிர, எழுந்து போய்விடவில்லை. கடவுள் இல்லை என்று முடிவு செய்தவனுக்கு யாரோடு சண்டை?

இப்படிப் பேசுவது பக்திக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அவர்கள் நல்லவர்கள்தாம். ஆனால் எலிப்பாசும் நல்லவனாகவே இருந்திருப்பான்.

ஒன்று நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் வெறும் பெயர்கள். வாயில் நுழையாத பெயர்கள். நானும் ஒரு காலத்தில் அவற்றின்மேல் கண்ணை மட்டும் ஓட்டிவிட்டுப் போனவன்தான். இப்போது ஒவ்வொன்றாக உச்சரித்தே வாசிக்கிறேன். யாரோ ஒருவர் பெற்றுப் பெயரிட்டுக் கூப்பிட்ட பெயர்கள் அல்லவா! ரெங்கபாளையம் செய்தி வந்த பத்திரிகையில் இறந்தவர்களின் பெயர்களைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதையும் அப்படித்தான் வாசித்தேன்.