அசுவபதி சூட்டிய பெயர்

குழந்தை பிறந்த பத்தாம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ நாமகரணம் செய்ய வேண்டும் என்று தர்ம சாஸ்திரம் விதிக்கிறது. தட்டில் பரப்பிய அரிசியில் தந்தை பெயரை எழுதுகிறார்; பின்னர் குழந்தையின் வலது செவியில் அதை மெல்லச் சொல்கிறார். மகாராஷ்டிரத்தில் பன்னிரண்டாம் நாள் தொட்டிலிடும்போது தந்தையின் சகோதரியான அத்தைக்கு அந்தப் பேறு வாய்க்கிறது. கேரளத்தில் 28-ஆம் நாள், ஒரு செவியை வெற்றிலையால் மூடி, மறு செவியில் பெயரை ஓதுவார்கள். நாளும் முறையும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. ஆயினும் பெயர் என்பது ஊராருக்கு அறிவிக்கப்படும் செய்தி மட்டுமன்று, குழந்தையின் செவியில் விழும் முதல் மந்திரம் என்ற எண்ணம் எல்லா இடங்களிலும் ஒன்றே.

இன்று பல இல்லங்களில் இந்த நன்னாளுக்கு வெகுநாள் முன்பே ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. பெண் குழந்தை என்றால் தேடல் இன்னும் மும்முரமாகிறது. வகுப்பில் வேறு எவருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்கிறார் தாய். எண் கணித சாஸ்திரப்படி இன்னும் ஓர் எழுத்தைக் கூட்ட வேண்டும் என்கிறார் தந்தை. குலதெய்வத்தின் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்க்கும் பாட்டிக்கு, "அது பழைய பெயர், பாட்டி" என்ற பதில் கிடைக்கிறது. இருவர் பக்கமும் அன்பு இருக்கிறது. ஆதலால் யார் மனமும் நோகாமல் முடிவெடுப்பது எளிதாக இல்லை.

அபூர்வமான பெயரைத் தேடுவது தவறா? மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் ஒரு தந்தையின் வரலாறு இக்கேள்விக்கு வெளிச்சம் தருகிறது. சாவித்ரியின் கதை என்றதும் எமனைப் பின்தொடர்ந்து நடந்த பதிவிரதையே நம் நினைவுக்கு வருகிறாள். அவள் பிறப்பதற்கு முன் நிகழ்ந்ததைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம்.

மத்ர நாட்டு மன்னன் அசுவபதிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, மகப்பேறு இல்லை. அவன் கடும் நியமம் பூண்டான். உணவைக் குறைத்தான், புலன்களை அடக்கினான், சாவித்ரி மந்திரத்தைச் சொல்லி இலட்சம் ஆகுதிகளை அளித்தான். ஓராண்டு, ஈராண்டு அல்ல, 18 ஆண்டுகள் இவ்வாறு சென்றன. முடிவில் தேவி வேள்வித் தீயிலிருந்து எழுந்து, வேண்டும் வரத்தைக் கேள் என்றாள். குலம் தழைக்கப் பல புதல்வர்கள் வேண்டும் என்று மன்னன் கேட்டான்.

தேவி கூறிய விடையை நிதானமாகப் படிக்க வேண்டும். "உன் கருத்தை முன்பே அறிந்து பிரம்மதேவரிடம் பேசினேன். அவர் அருளால் உனக்கு ஒளி பொருந்திய மகள் ஒருத்தி விரைவில் பிறப்பாள். இதற்கு நீ மறுமொழி எதுவும் கூறலாகாது" என்பது அதன் கருத்து.

மறுமொழி கூறலாகாது என்று தேவி ஏன் சொல்ல வேண்டும்? மன்னனின் நெஞ்சில் ஒரு மறுமொழி எழும் என்பதை அவள் அறிந்திருந்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. 18 ஆண்டுகள் புதல்வர்களுக்காகத் தவமிருந்தவன் "மகள்" என்ற சொல்லைக் கேட்டதும் வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பதை ஊகிப்பது கடினமன்று. அந்தச் சொல் பிறக்கும் முன்பே தேவி அதைத் தடுத்துவிட்டாள். அசுவபதியும் "அப்படியே ஆகட்டும்" என்றான். அத்துடன், அது விரைவில் நிகழட்டும் என்றும் வேண்டிக்கொண்டான். அவனுடைய பெருமை இங்கேதான் இருக்கிறது. அடங்கிப் போவது வேறு, ஆவலோடு ஏற்பது வேறு.

குழந்தை பிறந்தது. சாவித்ரி மந்திரத்தால் அளித்த ஆகுதியின் பயனாக, சாவித்ரி தேவியே மகிழ்ந்து தந்தவள் என்பதால், தந்தையும் அந்தணர்களும் அவளுக்குச் சாவித்ரி என்றே பெயரிட்டனர். இன்று அது நமக்குப் பழகிய பெயர். அன்று ஒரு மன்னன் தன் மகளை வேதத்தின் உயர்ந்த மந்திரம் ஒன்றின் பெயராலேயே அழைத்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் அபூர்வம் விளங்கும். வாய் திறந்து சொல்லக் கூடாது என்று விலக்கப்பட்ட மறுமொழியின் இடத்தில் அவன் ஒரு பெயரைச் சொன்னான். அந்தப் பெயரே அவனது நன்றி.

சொல்லலாகாத அந்த மறுமொழியைப் பெயராகவே சூட்டிவிட்ட இல்லங்களும் நம் நாட்டில் உண்டு. வங்காளத்தில் ஆன்னாகாளி என்று ஒரு பெயர் வழங்கியது. "ஆர் நா, காளி", அதாவது "இனி வேண்டாம், காளி" என்பதே அதன் பொருள். ஹரியாணாவில் போதும் என்று பொருள்படும் பதேரி. கடைசி என்று பொருள்படும் அந்திமா. தமிழகத்திலும் போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களைத் தாங்கியவர்கள் உண்டு. இவையும் அபூர்வமான பெயர்கள்தாம்! இப்படிப் பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. பெற்றோர் எல்லோரும் கல்நெஞ்சினர் என்று சொல்லிவிட முடியாது. வறுமையும் வரதட்சிணை அச்சமும் ஊராரின் பேச்சும் அவர்களை அழுத்தின. ஆனாலும் பெற்றோரின் ஏமாற்றத்தை அந்தக் குழந்தையல்லவா வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டும்? பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கப்படும் ஒவ்வொரு காலையும் "வேண்டாம்" என்ற அழைப்புக்கு அவள் எழுந்து நின்று "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும்.

குப்பம்மாள், பிச்சை போன்ற பெயர்களை இந்த வரிசையில் சேர்ப்பது நியாயமாகாது. முன்பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், எமன் கண்ணில் இது மதிப்பற்றதாகத் தெரியட்டும் என்று சூட்டிய பெயர்கள் அவை. அங்கே சொல்லில் வெறுப்பும் உள்ளத்தில் உயிரும் இருக்கின்றன. "வேண்டாம்" என்பதிலோ, அந்தச் சொல் குழந்தையையே நோக்கிச் சொல்லப்படுகிறது.

மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் வேண்டாதவள் என்று பொருள்படும் நகோசி, நகுசா என்ற பெயர்களைத் தாங்கிய 285 சிறுமியருக்கு 2011 அக்டோபரில் விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டினார்கள். புதுப் பெயர் பொறித்த சான்றிதழ்களும் மலர்க்கொத்துகளும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. மாவட்ட நிர்வாகம் முன்னின்று நடத்திய அந்த நிகழ்ச்சியை ஒரு வகையில் உண்மையான நாமகரணம் என்றே சொல்ல வேண்டும். சில ஆண்டுகள் தாமதமாக வந்தது, அவ்வளவே. அதே சதாரா மாவட்டத்தின் நாய்காவ் கிராமத்தில்தான் 1831-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கணவர் ஜோதிராவ் புலேயுடன் சேர்ந்து 1848-இல் புணேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரும் சாவித்ரியே.

பெண் குழந்தையின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று மனு ஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் கூறுகிறது. எளிதில் உச்சரிக்கத் தக்கதாக, கடுமையற்றதாக, பொருள் தெளிந்ததாக, மனத்துக்கு இனியதாக, மங்களமானதாக, நெடிலில் முடிவதாக, ஆசிச்சொல் அடங்கியதாக இருக்க வேண்டுமாம். எல்லோரும் வைக்கும் பெயரையே வைக்க வேண்டும் என்ற விதி அங்கு இல்லை. அதே நூலின் மூன்றாம் அத்தியாயம் நட்சத்திரம், மரம், நதி ஆகியவற்றின் பெயர் கொண்ட பெண்களை மணக்கலாகாது என்றும் சொல்கிறது. நம் முன்னோர் முன்னதைப் போற்றினார்கள். பின்னதைச் சத்தமின்றி ஒதுக்கிவிட்டார்கள். இல்லாவிடில் ரோகிணியும் ரேவதியும் துளசியும் கங்கையும் காவேரியும் நம் வீடுகளில் வளைய வந்திருக்க மாட்டார்கள். பெயர் விஷயத்தில் அன்பு எங்கே வழிகாட்டியதோ அங்கே மரபும் நெகிழ்ந்து கொடுத்திருக்கிறது.

"வேண்டாம்" என்ற சொல்லே அன்பால் திருநாமமானதும் உண்டு. மலையரசனின் மகளுக்குச் சுற்றத்தார் இட்ட பெயர் பார்வதி. சிவபெருமானை அடையக் கடுந்தவம் செய்யப் புறப்பட்டபோது, தாய் மேனை நெஞ்சு பதறி, "உ, மா" என்றாள். "ஐயோ மகளே, வேண்டாம்" என்று பொருள். அதனாலேயே அவளுக்கு உமா என்ற பெயர் வந்தது என்கிறார் காளிதாசர், குமாரசம்பவத்தில். ஆன்னாகாளியிலும் ஒரு "வேண்டாம்" இருக்கிறது; உமாவிலும் ஒரு "வேண்டாம்" இருக்கிறது. முன்னது, நீ வந்திருக்க வேண்டாம் என்கிறது. பின்னது, நீ வருந்த வேண்டாம் என்கிறது.

ஆகவே இளம் பெற்றோர் புதிய பெயரைத் தேடட்டும். முதியோர் அதற்காக வருந்த வேண்டியதில்லை. வேண்டுமானால் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். பத்து வயதில் அந்தச் சிறுமி, "என் பெயருக்கு என்ன பொருள்? ஏன் எனக்கு இதை வைத்தீர்கள்?" என்று கேட்டால் அவளை மடியில் இருத்திச் சொல்ல ஒரு கதை இருக்கிறதா? பெற்றோர் பெயர்களின் எழுத்துகளை வெட்டி ஒட்டிய, பொருளில்லாத ஒலிக்கு அப்படியொரு கதை கிடைப்பது அரிது. பாட்டியின் நாவிலும் அது படிவதில்லை. அவள் "பாப்பா" என்றே கடைசி வரை அழைத்துவிட்டுப் போகிறாள்.

1853 டிசம்பர் 22 அன்று ஜெயராம்பாடியில் பிறந்த குழந்தைக்கு அன்னை சியாமசுந்தரி முதலில் தேர்ந்தெடுத்த பெயர் க்ஷேமங்கரி. நன்மை செய்பவள் என்ற பொருளுடைய, குறை சொல்ல முடியாத பெயர். சியாமசுந்தரியின் சகோதரி அதற்குச் சற்று முன்னர்தான் தம் மகளைப் பறிகொடுத்திருந்தார். இறந்த குழந்தையின் பெயர் சாரதா. அந்தப் பெயரையே இவளுக்கு வைத்தால், தம் சாரதாவே திரும்பி வந்தாள் என்று எண்ணி ஆறுதல் அடைவேன் என அவர் கேட்டுக்கொண்டார். சியாமசுந்தரி தாம் விரும்பிய பெயரை விட்டுக்கொடுத்தார். பின்னாளில் எண்ணற்றோர் அன்னை சாரதா தேவி என்று வணங்கிய அந்தப் பெயர், துயருற்ற ஒரு தாயின் கண்ணீரைத் துடைப்பதற்காகச் சூட்டப்பட்ட பெயர்.

அசுவபதியின் மகள் வளர்ந்தாள், சத்தியவானை மணந்தாள், எமனைத் தொடர்ந்து சென்றாள். அவளுடைய சொற்களில் மகிழ்ந்த எமதர்மன், கணவன் உயிரைத் தவிர வேறு எதையும் கேள் என்றான். முதல் வரத்தால் மாமனாரின் கண்பார்வையைக் கேட்டாள். இரண்டாவதால் அவர் இழந்த நாட்டைக் கேட்டாள். மூன்றாவது வரம் வந்தபோது தனக்கென்று எதையும் கேட்கவில்லை. பிறந்தகத்தில் ஆண் வாரிசின்றி இருந்த தந்தையை நினைத்தாள். மகளால் பிள்ளைப்பேறு கிடைத்த கதையாக இதைச் சுருக்கிக் கொள்வது பிழை. தன் பிறப்புக்கு முன் தந்தை எதற்காக ஏங்கினார் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஏக்கத்தின் நிழல்கூடத் தன் மேல் விழாமல் அவர் வளர்த்தார் என்பதும் தெரிந்திருந்தது. காட்டு வழியில், இருள் சூழ்ந்த வேளையில், கணவனின் உயிர் எமன் கையில் இருக்கும்போது, "என் தந்தைக்கு நூறு புதல்வர்கள் பிறக்க வேண்டும்" என்று சாவித்ரி கேட்டாள்.