கடைமடையில் பெய்த மழை

மழைமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 2023 டிசம்பர் 18 காலையில் முடிந்த அப்படியொரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான்.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் பதிவானது 94.4. ஆனால் மும்பை ஆண்டுக்கு 200 சென்டிமீட்டருக்கு மேல் மழை காணும் ஊர். காயல்பட்டினமோ தேரி மணலும் பனையும் உப்பளமும் சூழ்ந்த வறண்ட கரை. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

காயல்பட்டினத்தில் அப்படிப் பெய்த அன்று புயல் எதுவும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் செய்தியில் அடிக்கடி கேட்டு, கேட்டதும் மறந்துவிடுகிற சொற்றொடர்.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். சிறிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் நீராவி குளிர்ந்து துளியாகும்போது வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்க, சுற்றுவட்டாரத்து ஈரமெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. ஓரிடத்தில் கொட்டித் தீர்ப்பதற்காகப் பல இடங்கள் வெறும் மேகத்தோடு நிற்கின்றன. வறட்சியையும் பெருமழையையும் எதிரெதிர் என்று பள்ளியில் படித்தோம். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பது மனத்தில் மெதுவாகத்தான் இறங்குகிறது.

*

ஒரு நாளை வைத்து ஒரு நூற்றாண்டைப் பேசக் கூடாது. மாற்றத்தைக் காணப் பல பத்தாண்டுக் குறிப்பேடுகள் வேண்டும். மத்திய இந்தியாவின் பருவமழையை அப்படித்தான் பார்த்தார்கள். 1951 முதல் 2000 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து பி. என். கோஸ்வாமியும் உடன் பணியாற்றியவர்களும் 2006-ல் வெளியிட்ட கட்டுரை சொன்னது இது: கனமழை நாட்கள் கூடியிருக்கின்றன, மிதமான மழை நாட்கள் குறைந்திருக்கின்றன, மொத்த மழையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அது தென்மேற்குப் பருவமழையின் கணக்கு. நம் வடகிழக்குப் பருவமழைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் என்னை அது விடவில்லை. சராசரி அசையாமல் இருக்க, அதனுள்ளே மழையின் குணம் மாறிவிட முடியும் என்றால், சராசரியை நம்பிக் கட்டியவை எல்லாம் என்ன ஆகும்?

*

இந்த வட்டாரத்தின் ஆறு தாமிரபரணி. தாமிரபரணிக்காரர்கள் ஆற்றை மலையிலிருந்து கீழ்நோக்கி வாசிப்பவர்கள். மழைக்காலத்துக் காலைகளில் நாளிதழில் முதலில் தேடுவது அணை நிலவரம்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்தால் ஆறு என்ன செய்யும் என்று சொல்லிவிடுவார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். நெல்லை குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்வார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும். வெள்ளத்தை எதிர்க்காமல், அது வந்துபோக வழிவிட்டு வாழ்ந்த அறிவு அது. எனக்கு அதில் தீராத மரியாதை உண்டு.

2023-ல் மலையிலும் பெய்தது. ஆனால் மிக அதிகம் பெய்தது கடற்கரையை ஒட்டி, ஆற்றின் எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கும் கீழே. தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதியே பழகிய கடைமடை ஊர்கள் அவை. மேலிருந்து வந்த வெள்ளமும் தலைமேல் பெய்த மழையும் அங்கே சந்தித்தன. ஏரல் துண்டிக்கப்பட்டது. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்தது. அணை நிலவரத்தை மட்டும் படித்துக் கடைமடையின் ஆபத்தை யாரும் கணித்திருக்க முடியாது.

*

மழை கூடினால் வெள்ளமும் அதே அளவு கூடும் என்பதில்லை. காய்ந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். பெரிய ஆற்றுக்கு ஓரிடத்து மழை பொருட்டில்லை. பாதிப்பு முதலில் தெரிவது ஓடைகளிலும் குளங்களிலும், சிமென்ட் போட்ட தெருக்களிலும்தான்.

*

பொறியாளர்கள் 'நூறு ஆண்டு வெள்ளம்' என்பார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்றுதான் அதற்குப் பொருள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரலாம். அந்த 1 சதவீதமும் பழைய பதிவுகளிலிருந்து எடுத்ததே. குளத்தின் கலுங்கு அகலமும் பாலத்துக் கண்களின் எண்ணிக்கையும் இறந்தகாலத்து மழையைக் கேட்டு வைத்தவை. அந்த மழை மாறினால் கணக்கும் திருத்தப்பட வேண்டும். குளம் குளமாகப் போய்ச் செய்ய வேண்டிய வேலை இது.

அதிலும் ஒரு சிக்கல். மார்கழியில் குளம் நிறைந்திருந்தால்தான் பிசான நெல் அறுவடை வரை தாங்கும். வாழையும் கோடையைக் கடக்கும். பெருமழைக்கு இடம்விட வேண்டுமானால் அதே மார்கழியில் குளத்தைக் கொஞ்சம் காலியாக வைக்க வேண்டும். காலியாக வைத்த ஆண்டில் மழை வராமல் போனால் வயல் காயும். அந்த இழப்பை யார் ஏற்பது என்று கரையோரத்து ஊரும் கடைமடை விவசாயியும் நீர்வளத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து பேசியாக வேண்டும், மழைக்கு முந்திய ஆவணியிலேயே.