பல்லின் அடைப்பும் உள்ளத்தின் ஐயமும்

திருச்சி பாலக்கரையில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் வீங்கிய கன்னத்துடன் நம்மிடம் வந்தார். அவருடைய கடைவாய்ப்பல் சொத்தையை ரெசினால் அடைத்துவிடலாம் என்று ஸ்ரீரங்கத்துப் பல் மருத்துவர் ஆறு மாதத்திற்கு முன்பே சொல்லியிருக்கிறார். இவரோ, "அது பிளாஸ்டிக் ஆச்சே ஹஜ்ரத்! உடம்புக்கு விஷம் என்கிறார்கள். கடமையான குளிப்பும் நிறைவேறாதாமே! சொல்பவரும் நம் மார்க்கத்தவர் இல்லை" என்று இருந்துவிட்டார். இப்போது சொத்தை நரம்புவரை போய்விட்டது.

அவருடைய அச்சத்திற்கு ஆதாரமே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 1962-ல் அமெரிக்காவில் ரஃபேல் போவென் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்னும் ரெசினே இன்றைய பல்நிற அடைப்புகள் பலவற்றுக்கும் மூலம். அதன் தயாரிப்பில் சேரும் பிஸ்பீனால் ஏ, உடலிலுள்ள ஹார்மோனைப் போல் வேலை செய்யக்கூடியது. அடைத்த முதல் சில மணி நேரத்தில் அது மிகச் சிறு அளவில் உமிழ்நீரில் கலக்கலாம், பிறகு குறைந்துவிடும். நீல ஒளியால் நன்கு இறுகச் செய்து, மேற்பரப்பைத் துடைத்து, வாய் கொப்பளித்தால் இன்னும் குறையும். பழைய வெள்ளிநிற அடைப்பிலோ எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். சுற்றுச்சூழலைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவைக்கன்றி, அதை நிறுத்திவிட்டது. (கொடைக்கானல் வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்ட கதையை அறிந்த நமக்குப் பாதரசத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.)

ஆனால் பெரியவர் நிறுத்துப் பார்த்த தராசே தவறு. ஒரு தட்டில் ரெசினை வைத்தார். மறு தட்டில் ஒன்றுமே இல்லை என்று எண்ணினார். அங்கே இருந்தது சொத்தை! உறுதியானதை ஐயத்தைக் கொண்டு தள்ளக்கூடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. சொத்தை கண்ணுக்குத் தெரிந்த கேடு. ரெசினின் கேடு ஐயம். ஐயத்திற்கு அஞ்சி, தெரிந்த கேட்டை வளரவிடுவது பேணுதல் ஆகுமா? உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா? எந்தப் பொருளை வைக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பதுதான் பேணுதல். கேட்டால் சொல்வது அவர் கடமை.

அடுத்தது, அவர் சொல்லை ஏற்கலாமா என்பது. குறைஷிகள் தேடி அலைந்த ஹிஜ்ரத் பயணத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித், அப்போது இஸ்லாத்தில் இல்லாதவர். வழி தெரிந்தவர், நம்பத்தக்கவர். அவ்வளவு போதுமானதாயிருந்தது. உயிரையே ஒப்படைத்த முன்மாதிரி இருக்க, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பல்லை ஒப்படைக்க நமக்குத் தயக்கம்!

குளிப்பின் சட்டம் எளிது. ஷாஃபிஈ மத்ஹபில் குளிப்பில் வாய் கொப்பளிப்பது சுன்னத்தே. ஹனஃபியில் ஃபர்ளு, ஆயினும் கழற்ற இயலாதபடி நிலைத்துவிட்ட அடைப்பு பல்லின் பகுதியாகவே கொள்ளப்படும். அதன்மேல் தண்ணீர் பட்டால் போதும். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும், மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்க மூக்கு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததே!

மறுநாள் பெரியவர் ஸ்ரீரங்கம் போய் வந்தார். வேர் சிகிச்சையாம், நான்கு முறை வரச் சொன்னாராம். ஆறு மாதத்திற்கு முன் ஒரு மணி நேர வேலை.