பூனைக்குட்டியும் பாராசூட் கண்ணியும்

ராமானுஜர் 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தார். இறையருளைப் பெற, தாயைக் குட்டி பற்றுவதுபோல் நாம் முயல வேண்டுமா, குட்டியைத் தாயே கவ்விக்கொள்வதுபோல் அது தானே வருமா என்று குரங்கையும் பூனையையும் காட்டி அவர் வழிவந்த வைணவப் பிரிவுகளான வடகலையும் தென்கலையும் வாதிட்டதற்கு, வானிலிருந்து குதிப்பவரின் மாற்றுப் பாராசூட் இன்னும் நல்ல சான்று. அதை மூடிவைப்பது ஒரு சிறு நூல்கண்ணி. கைப்பிடியை இழுத்தால் ஊசி விலகிக் கண்ணி விடுபடும். இது குரங்கு வழி. 1991இல் வந்த சைப்ரஸ் கருவியோ, மயங்கியவர் வேகம் குறையாமல் விழுந்தால், தரைக்குச் சுமார் 225 மீட்டர் மேலே கண்ணியையே வெட்டிவிடும். கருவியை மாட்டிக்கொண்டதே முயற்சிதானே என்பார்கள். இருக்கட்டும். கண்ணியை அளந்து முடிந்து வெட்டுமுனைக்குள் கோத்தது பெரும்பாலும் வேறொருவர் கை. விழும் கணத்தில் குதித்தவர் செய்வது ஒன்றுமில்லை. தென்கலையார் கேட்டதும் அருளை விலக்காமை மட்டுமே. அப்படியானால் அசட்டையாக இருக்கலாமா? நைந்த கண்ணி வேளைக்கு முன்பே அறுந்து, வேண்டாத இடத்தில் பாராசூட்டை விரித்துவிடும். அதைக் கண்டும் மாற்றாதவர் விலக்கத்தான் செய்கிறார்.