பட்டம் சாட்சி ஆகுமா?

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூரு போகும் விடிகாலை ரயிலில் ஒரு நாளிதழ் பத்துக் கை மாறும். 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்கவயலுக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ரயில்தான். பங்காரப்பேட்டை வருவதற்குள் முதல் பக்கம் ஒருவர் கையிலும் விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையிலும் இருக்கும். நடுப்பக்கத்தின் மேல் யாரோ டிபன் பாக்ஸை வைத்திருப்பார்கள். தலைப்பை எல்லாரும் பார்க்கிறார்கள். கடைசி வரி வரை படிக்கிறவர் ஒருவரோ இருவரோ. “அதிர்ச்சித் தகவல்: பேராசிரியர் பேட்டி” என்றொரு தலைப்பு அந்தப் பெட்டியில் ஏறினால், ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது ‘பேட்டி’ உதிர்ந்து ‘தகவல்’ மட்டும் மிஞ்சியிருக்கும். இன்று அதே தலைப்பு கைப்பேசியில் வருகிறது. உதிர்வது இன்னும் சீக்கிரம் நடக்கிறது, அவ்வளவுதான்.

அறக்கேள்வி இங்கேதான் எழுகிறது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் ஒருவர், ஆதாரமில்லாத சதிக்கதை ஒன்றை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்திரிகை அவரை என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விடுவதா, அவர் சொன்னதை அப்படியே போடுவதா, கேலிப்பொருள் ஆக்குவதா, வேலையை விட்டு நீக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைக் காயப்படுத்தவும் செய்கிறது.

முதலில், சதிக்கதையை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. தங்கவயலே இதற்குச் சான்று. 2012 நவம்பரில், கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, அணுக்கழிவை ஆழத்தில் புதைப்பதற்கான இடமாகக் கோலார் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. செய்தி வெளியானதும் ஊர் கொதித்தது, போராட்டங்கள் நடந்தன. அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அரசுத் தரப்பு பிறகு மறுத்தது. ஆனால் பேச்சு வெறும் காற்றிலிருந்து கிளம்பவில்லை. 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதே சுரங்கத்தில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், எட்டு ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தியது. அணுக்கழிவு வெளிவிடும் வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்கும் என்று அறிய மின்சூடேற்றிகளை வைத்து அளந்தார்கள். அங்கே போனது சூடேற்றி, கழிவு அல்ல. ஆனாலும் ‘அணு’, ‘சுரங்கம்’, ‘சோதனை’ என்ற மூன்று சொற்களும் ஒன்றாகச் சேர்ந்தால் நாலாவது சொல்லை ஊர் தானே போட்டுக்கொள்ளும்.

போட்டுக்கொள்ள ஊருக்குக் காரணமும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல், மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை இறங்கி, சுமார் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த ஒடுக்கப்பட்ட தமிழ்க் குடும்பங்கள். பாறை வெடித்து அப்பா போனார். தூசி நுரையீரலில் இறங்கித் தாத்தா போனார். தங்கம் போன இடம் தெரியாது. சயனைடு கழிவு மேடுகள் மட்டும் ஊருக்குள்ளேயே நிற்கின்றன, கோடையில் காற்றடித்தால் வீட்டுக்குள் வருகின்றன. இவர்களிடம் போய் “மேலே இருப்பவர்கள் சொல்கிறார்கள், நம்புங்கள்” என்றால் யார் நம்புவார்கள்?

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பேராசிரியர் வந்து, “கழிவை ஏற்கெனவே புதைத்துவிட்டார்கள், மருத்துவர்களுக்கும் தெரியும், மறைக்கிறார்கள்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஊர் மனத்தில் இருந்த சந்தேகத்துக்கு ஒரு பட்டம் கிடைத்துவிடுகிறது. ஆனால் சந்தேகம் வேறு, சதிக்கதை வேறு. சந்தேகப்படுகிறவர் “ஆவணத்தைக் காட்டுங்கள்” என்பார். காட்டினால் படித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் ஒப்புக்கொள்வார். சதிக்கதை சொல்கிறவருக்கோ ஆவணம் இல்லையென்றால் மறைத்துவிட்டார்கள், இருந்தால் போலி. மறுப்பு வந்தால் அதுவே குற்ற ஒப்புதல். எந்தப் பதிலாலும் தோற்காத கூற்று அது. அதனால்தான் எதையும் அது நிரூபிப்பதும் இல்லை.

தோற்கச் சம்மதிக்கிற கூற்று எப்படி இருக்கும் என்பதையும் தங்கவயல் பார்த்திருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் குழுவினரோடு சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பதிவு செய்தார்கள். உலகிலேயே முதன்முதலாக அதைக் கண்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். பிறகு 1980-களின் தொடக்கத்தில் இன்னொரு சோதனை. அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் சிதைவதற்கான அடையாளம் போலச் சில நிகழ்வுகள் தெரிகின்றன என்று அறிவித்தார்கள். உறுதியாகியிருந்தால் இயற்பியலையே புரட்டிப்போட்டிருக்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்னும் பெரிய கருவிகளை வைத்துத் தேடினார்கள். அப்படி எதுவும் அகப்படவில்லை. கோலார் கூற்று நிலைக்கவில்லை. அதற்காக யாரும் அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. என்ன பார்த்தோம், எந்தக் கருவியால் பார்த்தோம் என்று அவர்கள் விரித்து வைத்ததால்தான் மற்றவர்களால் சரிபார்க்க முடிந்தது. தவறாகப் போவது அறிஞருக்கு இழுக்கல்ல. சரிபார்க்க விடாமல் பேசுவதுதான் இழுக்கு.

சந்தேகத்தையும் சதிக்கதையையும் கலந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்றபோது, அது அணுக்கழிவுக் கிடங்கு என்றும், அமெரிக்காவிலிருந்து வரும் கதிரைக் கொண்டு ஆயுதம் செய்யப்போகிறார்கள் என்றும் பேச்சு பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடையலாமா, நீரூற்று என்ன ஆகும், அனுமதியை முறைப்படி வாங்கினார்களா என்பவை கேட்டே ஆக வேண்டிய கேள்விகள். அவற்றோடு ஆயுதக் கதையையும் ஒரே மூட்டையில் கட்டியதால் நல்ல கேள்விகளுக்குத்தான் நஷ்டம். நியூட்ரினோவைப் பற்றிய அச்சத்துக்குத் தங்கவயலே பதில் வைத்திருந்தது: அங்கே ஆய்வகம் 1992 வரை இருந்தது, தொழிலாளிகள் இறங்கிய அதே கூண்டில் விஞ்ஞானிகளும் இறங்கினார்கள்.

இனி பேராசிரியருக்கு வருவோம். வெளிநாட்டு அனுபவங்கள் இரண்டு இதில் பாடம் சொல்கின்றன. 2006-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இஸ்லாம் பற்றி ஒரு பருவம் மட்டும் பாடம் நடத்த வந்த பகுதிநேர ஆசிரியர் கெவின் பாரட். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் அமெரிக்க அரசே நடத்திய சதி என்று வானொலியில் பேசினார். மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் 61 பேர் அவரை நீக்கக் கோரிக் கையெழுத்திட்டார்கள். பல்கலைக்கழகத்தின் கல்விப் பொறுப்பாளர் பாட்ரிக் ஃபாரல் பாடத்திட்டத்தை ஆராய்ந்து, வகுப்பு நடத்த அனுமதித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து விளம்பரம் தேட வேண்டாம் என்று பிறகு எச்சரிக்கவும் செய்தார். இதற்கிடையே நடந்ததைக் கவனிக்க வேண்டும். உள்ளூர் வானொலி கேட்டவர்களோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு, நாடு முழுக்கப் பார்க்கும் தொலைக்காட்சி விவாதம் வரை போனது. அவரைத் திட்டுவதற்காக மேடை கொடுத்தவர்களும் மேடை கொடுத்தவர்கள்தான்.

இரண்டாவது கதை கொடியது. 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் கற்பித்த ஜேம்ஸ் டிரேசி, அந்தச் சம்பவம் சொல்லப்படுவது போல நடந்ததா என்று எழுதத் தொடங்கினார். அந்தப் பகுதியின் சன் சென்டினல் நாளிதழ் அதைச் செய்தியாக்கியது. உலகம் முழுக்கப் பரவியது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடமே, இறந்த பிள்ளை அவர்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்கும் அளவுக்கு அது போனது. 2015 டிசம்பரில் அதே நாளிதழில் அந்தப் பெற்றோர் தங்கள் நிலையை எழுதினார்கள். அடுத்த மாதம் டிரேசி நீக்கப்பட்டார். ஆனால் பல்கலைக்கழகம் காட்டிய காரணம், வெளிப்பணிகளைப் பற்றிய படிவங்களை அவர் முறையாகத் தரவில்லை என்பது. 2017-இல் நடுவர் குழுவும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் துக்க வீட்டில் போய்ச் சான்றிதழ் கேட்பது ஆசிரியருக்கு அடுக்குமா என்ற கேள்விக்குப் படிவத்தில் விடை இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கோடு தெரிகிறது. பாரட் சொன்னது அபத்தம். ஆனால் அவர் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை. டிரேசி விஷயத்தில் கருத்தைத் தாண்டி, மனிதர்கள் மேல் கை பட்டுவிட்டது. வேலையைப் பற்றிய கேள்வி எழ வேண்டிய இடம் அதுதான். ஒருவர் தப்பான கருத்து வைத்திருக்கிறார் என்பதற்காக அவர் சோற்றில் கை வைக்கச் சொல்லித் தலையங்கம் எழுதுகிற பத்திரிகை, நாளைக்கு ஒரு நேர்மையான ஆசிரியர் அரசை எதிர்த்துப் பேசும்போது எந்த முகத்தோடு அவர் பக்கம் நிற்கும்? வகுப்பறையில் சதிக்கதையைப் பாடமாகத் திணித்தாரா, ஏற்காத மாணவனின் மதிப்பெண்ணில் கை வைத்தாரா, யாரையாவது துன்புறுத்தினாரா என்று விசாரித்து எழுதுவது பத்திரிகையின் வேலை. தண்டனையை அறிவிப்பது அல்ல.

நம் நாட்டில் கேலிதான் வழக்கம். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜி. நாகேஸ்வர ராவ், கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்றும் ராவணனிடம் பலவகை விமானங்கள் இருந்தன என்றும் பேசினார். இது சதிக்கதை வகை அல்ல. ஆனால் பட்டம் ஆதாரத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்ததில் இரண்டும் ஒன்றுதான். நாடே சிரித்தது. அவர் பேசியதோ பள்ளிப் பிள்ளைகள் கூடியிருந்த அரங்கில். சிரிப்புச் செய்தியைப் படித்தவர்கள் பெரியவர்கள். பிள்ளைகள் துணைவேந்தர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். அவர்களை அழைத்து உட்கார வைத்தது யார், பேச்சை முன்கூட்டியே பார்த்தது யார் என்ற கேள்விகள்தான் பயன் தந்தவை. விஞ்ஞானிகள் கண்டித்த பிறகு, இனிப் பேச்சுகளை முன்னதாகவே பார்ப்போம் என்று மாநாட்டுக்காரர்கள் சொன்னார்கள். கேலியால் கிடைத்ததல்ல அது.

அப்படியென்றால் எழுதாமலே விட்டுவிடலாமா? பத்துப் பேர் கேட்ட உளறலை லட்சம் பேருக்குக் கொண்டுபோகாமல் இருப்பது நல்ல பத்திரிகைக்கு அழகு. ஆனால் ஊருக்குள் பரவிவிட்ட பேச்சுக்கு முன்னால் வாய் மூடி இருப்பது, மறைக்கிறார்கள் என்ற கதைக்கே எண்ணெய் ஊற்றும். பரவாததைப் பரப்பாதே, பரவியதை விசாரிக்காமல் விடாதே. இதுதான் அளவு.

“இரண்டு பக்கத்தையும் போட்டோம், முடிவு வாசகருடையது” என்று தப்பிப்பதும் நேர்மை ஆகாது. சுரங்க வாசலில் ஒருவர் மழை பெய்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார் என்று எழுதுவதற்கு நிருபர் எதற்கு? கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். வெளியிடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டும், தவறு நேர்ந்தால் உரிய முக்கியத்துவத்தோடு திருத்தம் போட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது. நடப்பது வேறு. குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் எட்டுப் பத்தி. மறுப்பு ஒன்பதாம் பக்கத்து மூலையில் தீப்பெட்டி அளவு. மாரிக்குப்பம் ரயிலில் அந்த மூலையின் மேல்தான் டிபன் பாக்ஸ் இருக்கிறது.

‘பேராசிரியர்’ என்ற சொல்லைத் தலைப்பில் போடுவது வெறும் அடையாளம் அல்ல. அது ஓர் எடைக்கல். வேதியியல் படித்தவர் வேதியியலைப் பற்றிச் சொன்னால் அந்தக் கல்லைத் தட்டில் வைக்கலாம். அவரே அணுக்கழிவுச் சதியைப் பற்றிச் சொன்னால், தராசில் வைக்க வேண்டியது ஆவணமும் அளவீடும் மட்டுமே. அப்போது பட்டத்தைத் தலைப்பில் போடும் பத்திரிகை, கள்ள எடைக்கல் வைத்து வியாபாரம் செய்கிறது.

தங்கவயலுக்கு இது புதிய பாடம் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், பின்னாளில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது. பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக்கியது சாம்பியன் ரீஃபின் சித்தார்த்த புத்தகசாலை. பிறப்பால் ஒருவன் தாழ்ந்தவன் என்று அக்காலப் படித்தவர்கள் ஏடுகளைக் காட்டிச் சொன்னபோது, “எந்த ஏடு, யார் எழுதியது, எப்போது?” என்று திருப்பிக் கேட்ட பத்திரிகை ‘தமிழன்’. சுரங்கத்தில் வேலை முடித்து வந்த தொழிலாளிகள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள்.

அந்த மூன்று கேள்விகளையே இன்றைய நிருபரும் கேட்டால் போதும்: எந்த ஆவணம், யார் எழுதியது, எப்போது? விடை இருந்தால், சொன்னவர் பட்டம் இல்லாத சுரங்கத் தொழிலாளியாக இருந்தாலும் முதல் பக்கத்தில் போடட்டும். விடை இல்லையென்றால், துணைவேந்தரே சொன்னாலும் அச்சுக்கு அனுப்பக் கூடாது.