ஆளில்லாத வீதி

காலை ரயிலில் ஓர் ஊரில் இறங்கி, அதன் வீதிகளைக் காமிராவில் பிடித்துக்கொண்டு மாலை ரயிலில் திரும்பிவிடுவதில் எனக்கு வெகு நாளாக ஒரு மோகம். கோயிலுக்குள் போய்க் கும்பிடுகிறேனோ இல்லையோ, ரத வீதியை ஒரு சுற்றுச் சுற்றாமல் வரமாட்டேன். இதில் யாருக்கு என்ன தீங்கு என்றுதான் நினைத்திருந்தேன். சங்கரன்கோவிலில் ஒரு காலைப்பொழுது அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது.

அரியும் அரனும் ஓருடம்பாக நிற்கிற ஊர் அது. ஒன்பது நிலைக் கோபுரத்தின் முகத்தில் காலை வெயில் விழுந்திருந்தது. அந்தக் கோபுரமும் அதன் முன்னே நீண்டு கிடக்கிற வீதியும் மட்டும் படத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் வீதி காலியாகிற வழியாக இல்லை. பால்காரர் போனார், மோட்டார் சைக்கிள் வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அரை மணி நேரம் காமிராவைக் கண்ணிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதுமாக நின்றேன். கடைசியில் எல்லாரும் போய்விட்டார்கள். ஓரத்தில் கூடையை வைத்துக்கொண்டு மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி மட்டும் மிச்சம். என் பார்வை அவள்மேல் படிந்ததை அவள் கவனித்திருக்கவேண்டும்.

“தம்பி, நான் மறைக்கேனா? இந்தா, நவுந்துக்கிடுதேன்” என்றாள்.

“வேண்டாம் ஆச்சி” என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூடையைத் தூக்கினாள். கட்டின சரம் நழுவி மண்ணில் விழுந்தது. அதை உதறி எடுத்துக்கொண்டு அப்பால் போய் நின்றாள். நான் படத்தை எடுத்தேன்.

படம் மிக நன்றாக வந்திருக்கிறது. பார்த்த நண்பர்கள் எல்லாரும், “என்ன அமைதி!” என்கிறார்கள். இடது ஓரத்துக்கு அப்பால் ஒரு கூடை நிற்பது எனக்கு மட்டும் தெரியும்.

புகைப்படக் கலை பிறந்த காலத்திலேயே இந்தச் சங்கடமும் பிறந்துவிட்டது. 1838-ஆம் வருஷம் பாரிஸ் நகரத்துப் பெரிய வீதி ஒன்றைத் தாகேர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து படம் பிடித்தார். வண்டியும் மனிதர்களுமாக நெரிசலான வீதி அது. ஆனால் படத்தில் அது வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்தக் காலத்துக் கருவிக்கு ஒரு காட்சியை வாங்கிக்கொள்ளச் சில நிமிஷங்கள் வேண்டியிருந்தது. நடந்தவர்கள், ஓடியவர்கள் யாரும் தகட்டில் தங்கவில்லை. ஒரே ஒருவன் தெளிவாகத் தங்கினான்: பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு காலை நீட்டி நின்றவன். பாலிஷ் போட்ட தொழிலாளியோ கலங்கலான ஒரு நிழலாக மட்டும் இருக்கிறான். அவன் கை ஓயவில்லை அல்லவா? வேலை வாங்கினவன் நிலைத்தான். வேலை செய்தவன் கலைந்தான். யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் இல்லை இது, கருவியின் குறை. ஆனாலும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். இங்கிலாந்தில் டெவன்போர்ட்டில் பிறந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை ராஜதானி சர்க்காரின் புகைப்படக்காரராக 1858-இல் மதுரையைப் படம் பிடித்தார். புது மண்டபம், தெப்பக்குளம், நாயக்கர் மகால், கலெக்டர் பிளாக்பர்ன் ஞாபகமாக நிறுத்தின விளக்குத்தூண் எல்லாம் அவற்றில் உண்டு. கல்லின் நுணுக்கம் அத்தனையும் தெரியும். மதுரை ஜனங்களைத்தான் தேடவேண்டும். இன்று விளக்குத்தூண் பக்கம் போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடைக் கூட்டத்தில் தூணைத்தான் தேடவேண்டியிருக்கும்.

டிரைப்பின் காகித நெகடிவுக்கு மெதுவாகத்தான் வேலை செய்யத் தெரியும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. என் காமிராவோ கண் இமைப்பதற்குள், பறக்கிற காக்கையைக்கூட நிறுத்திவிடும். கருவி மனிதர்களை விலக்கவில்லை. என் ஆசைதான் விலக்கிற்று. மனிதர்கள் இருந்தால் வீதியின் அழகு கெட்டுப்போகும் என்று எனக்குள் எங்கேயோ ஓர் எண்ணம் குந்தியிருக்கிறது. ரத வீதி எதற்காக ஏற்பட்டது? தேர் ஓடுவதற்கு. தேர் தானாக ஓடுமா? ஆடித் தவசு அன்று கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும்போது, பருத்தியையும் மிளகாய் வற்றலையும் காணிக்கையாக வீசுகிற ஜனங்களை நீக்கிவிட்டு அந்த வீதியை யாராவது கற்பனை செய்ய முடியுமா?

“அவளாகத்தானே எழுந்து போனாள்? நீ போகச் சொல்லவில்லையே” என்று எனக்குள் இருக்கும் வக்கீல் வாதாடுகிறார். அந்த வாதம் செல்லாது. காமிராவும் கையுமாக வெளியூரான் ஒருவன் நிற்கும்போது, தினமும் உட்கார்கிற தன் இடத்திலேயே தான் ஓர் இடைஞ்சல் என்று ஒரு கிழவிக்குத் தோன்றிற்றே, அது எதனால்? என் பார்வையினால். வாயால் விரட்டுவது ஒன்று. கண்ணால் விரட்டுவது இன்னொன்று. இரண்டாவதற்குச் சாட்சி கிடையாது. அதனாலேயே அது சௌகரியமாக இருக்கிறது.

அப்படியானால் அவளையும் சேர்த்து எடுத்திருந்தால் நியாயமாகிவிடுமா? அதுவும் அத்தனை சுலபமில்லை. கேட்காமல் எடுத்தால், அவள் முகத்தை அவள் அறியாமல் எடுத்துப் போகிறேன். இன்று ஒரு முகம் நொடியில் ஆயிரம் செல்போன்களுக்குப் போய்விடுகிறது. கேட்டு எடுத்தாலோ, கையிலிருக்கும் பூவைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்காருவாள். நான் கண்ட காட்சி போய்விடும். ஒன்றில் நியாயம் குறைகிறது. மற்றொன்றில் உண்மை குறைகிறது. இரண்டில் ஒன்றைத்தான் விடவேண்டும் என்றால், உண்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். விறைப்பாக உட்காருவதும் அவள் இஷ்டம்தானே?

சில மாதம் கழித்து மறுபடியும் அங்கே போனேன். அதே இடத்தில் அதே கூடை. இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு, “ஆச்சி, உங்களையும் கோபுரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தது உண்மை.

“என்னை எதுக்கு? வேண்டாம் தம்பி” என்றாள். கோபமில்லை, வெட்கமுமில்லை. வேண்டாம், அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, “வேணும்னா அன்னைக்கு மாதிரி நவுந்துக்கிடுதேன்” என்று கூடையில் கை வைத்தாள்.

“இருங்க ஆச்சி, நீங்க நகர வேண்டாம்” என்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டிய வார்த்தை.

காமிராவை உறையில் போட்டுக்கொண்டு, கையில் பூவோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.