கோடு சொல்வது தீர்ப்பா?



பிரசவத்தில் குழந்தை அழவில்லை. மூளைக்குப் பிராணவாயு போகாமல் சில நிமிஷங்கள் ஓடிவிட்டன. கொட்டாம்பட்டியிலிருந்து மேலூர் வழியாக மதுரைக்கு ஆம்புலன்ஸ் பறக்கிறது. கண்ணாடி அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன், ஜெபிக்கப் போகிற என்னைப் போன்றவனிடம் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை பிழைக்குமா ஐயா? பிழைச்சா நல்லா இருக்குமா?"

இதற்குப் பதில் தேட இன்றைக்கு ஒரு கருவி உண்டு. மனித மூளையின் மின் அலைகளை 1924ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாகப் பதிவு செய்தார். இப்போது சிசுவின் தலையில் மெல்லிய கம்பிகளை வைத்து, பல மணி நேர அலைகளைச் சுருக்கி ஒரு பட்டையாகத் திரையில் காட்டுகிறார்கள். பட்டையின் மேல் ஓரம் 10 மைக்ரோவோல்ட்டுக்கு மேலும், கீழ் ஓரம் 5க்கு மேலும் இருந்தால் நல்ல அடையாளம். தட்டையாகவே கிடந்தால் கவலைதான்.

"இயந்திரத்தைப் பார்ப்பது அவிசுவாசம் அல்லவா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. பார்க்க மறுப்பதுதான் பயம். கண்ணுக்குத் தெரியாத வலிப்பைக்கூட அந்தத் திரை காட்டும். அதைக் கண்டால்தானே டாக்டர் மருந்து கொடுக்க முடியும்?

ஆனாலும் தகவல் வேறு, தீர்ப்பு வேறு. முதல் 6 மணி நேரத்தில் மோசமாயிருந்த கோடு பிறகு தேறுவதுண்டு. குளிரூட்டும் சிகிச்சை பெறும் குழந்தைக்கு 48 மணி நேரம் வரை பொறுத்துப் பார்க்கிறார்கள். வலிப்பு மருந்தும் கோட்டைத் தாழ்த்திக் காட்டும். இதையெல்லாம் எண்ணாமல் "இனி பயனில்லை" என்று கவனிப்பைக் குறைத்து, குழந்தை இறந்தபின் "கோடு சொன்னபடியே நடந்தது" என்றால், நடத்தியது கோடா, நாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். உடம்பை 33.5 டிகிரிக்கு 72 மணி நேரம் குளிர வைக்கும் அந்தச் சிகிச்சை மேல்நாடுகளில் பலன் தந்தது. 2015 முதல் 2019 வரை சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். 2021ல் முடிவு வெளியானது. குளிரூட்டிய பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். குளிரூட்டாதவர்களில் 31 சதவீதம். அங்கே காப்பாற்றியது இங்கே காப்பாற்றவில்லை. அப்படியானால் அங்கே கண்ட கணக்கை வைத்து நம் பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்கிறபோது எத்தனை தாழ்மை வேண்டும்! நூறு குழந்தைகளைப் பற்றிச் சொல்லும் எண், தொட்டிலில் கிடக்கும் இந்த ஒன்றைப் பற்றி முழுவதும் சொல்லிவிடாது.

அதே தாழ்மை நமக்கும் வேண்டும், பிரியமானவர்களே. "ஒண்ணும் ஆகாது, பிள்ளை எழும்பிடும்" என்று அவசரமாய் வாக்குக் கொடுப்பதும் தீர்ப்புதான். "யார் செய்த பாவமோ" என்று தாயின் காதுபடப் பேசுவது அதைவிடக் கொடுமை. பிறவிக்குருடனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்ட சீஷர்களை ஆண்டவர் திருத்தினார் அல்லவா?

கோடு மோசமானால் அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. சீக்கிரம் தொடங்கச் சொல்கிறது. கைகால் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, கண், காது சோதனை எல்லாம் மாதங்கள் தள்ளாமல் ஆரம்பிக்க வேண்டும். அதற்கென்றே மாவட்டங்களில் அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அந்தத் தாய் வாராவாரம் பஸ் ஏறும்போது மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? சபை பார்க்கட்டும். அந்தப் பிள்ளையின் மதிப்பு எந்தத் திரையிலும் ஏறுவதில்லை. நல்ல கோட்டுக்கு ஸ்தோத்திரம் சொல்கிற நாம், தட்டையான கோட்டின் பக்கத்திலும் உட்காருவோமா?

ஆமென்.